தலைவரின் கோலும் மாட்டுக்காரனின் கையும்

பழைய எகிப்தின் மரக்கோல் ஒன்று ஓர் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் கிடக்கிறது. உச்சியில் ஒரு பெயர், நேற்றுச் செதுக்கியதுபோல் கூர்மையாக. அதன் கீழே, கை பிடிக்கும் இடத்தில், ஒரு சின்னப் படம்: ஒருவன் விழுந்து கிடக்கிறான், இன்னொருவன் கோலை ஓங்கி நிற்கிறான். அந்தக் கோடுகள் மழுங்கிக் கறுத்திருக்கின்றன.

பெயர் ஊர்த்தலைவர் சென்பியுடையது. தம் மாடுகளுக்கு முன்பே மாட்டுக்காரன் நெஹெரி தன் மாடுகளைக் கால்வாயில் தண்ணீர் குடிக்க விட்டான் என்று, அவன் காலை இதே கோலால் முறித்தவர். நெஹெரி அடங்கிப் போகவில்லை. கழுதைமேல் படுத்தபடியே நீதிபதியிடம் போனான்.

"கோல் முறித்த காலுக்குக் கோலே கால்" என்றார் நீதிபதி. "சென்பி உயிரோடு இருக்கும்வரை இது உன்னுடையது. இறந்தபின் அவர் கல்லறைக்குத் திருப்பிவிடு."

நெஹெரி சத்தியம் செய்தான். அடித்தவர் மறுநாளே மறந்துபோனார். முறிந்த கால் எப்படி மறக்கும்?

வருடங்கள் கழித்து சென்பி இறந்தார். சொன்ன சொல் தவறாமல், நெஹெரி நொண்டிக்கொண்டே கோலைக் கொண்டுவந்தான். அதை வாங்கிப் பிடியில் இருந்த படத்தைப் பார்த்ததும், சென்பியின் மகன் இபியின் முகம் கறுத்தது. கல்லறையில் வைக்கும் கோலை ஊன்றித்தான் இறந்தவர் மறுமையில் நடப்பார். அதில் இருப்பதை அங்குள்ள நீதிபதிகளும் பார்ப்பார்கள் என்பது அந்த ஊர் நம்பிக்கை. சுரண்டி எடுக்கலாமென்றால், பிடி மெலிந்து கோல் ஒடியும்.

இபி அதே நீதிபதியிடம் ஓடினான். அப்பா இருந்தவரை இப்படியொரு படத்தை ஊரில் ஒருவரும் பார்த்ததில்லை; அவர் கண்மூடிய பிறகுதான் இவன் செதுக்கியிருக்கிறான்; அப்போது கோல் அவருடையது; செத்தவர் பொருளைக் கெடுத்தவனுக்கு மற்றக் காலையும் முறிக்க வேண்டும் என்றான்.

நெஹெரி குனியவில்லை. "சின்ன எஜமான், கோல் உங்கள் அப்பாவுடையது. அதைக்கொண்டு செய்த வேலையும் அவருடையதுதான். இரண்டையும் சேர்த்தே கொண்டுபோகட்டும். எப்போது செதுக்கினேன் என்று என்னைக் கேட்காதீர்கள், கோலைக் கேளுங்கள்."

இந்த வழக்கில் நியாயம் யார் பக்கம்? நெஹெரியின் மற்றக் கால் தப்புமா?

விடை: தப்பும். புதிதாகச் செதுக்கியிருந்தால் கோடு வெளுத்து, கூராக இருக்கும். இதுவோ வருடக்கணக்காக உள்ளங்கை தேய்த்து, வியர்வையும் பிசுக்கும் ஏறிய கோடு. ஊரார் பார்க்காததற்குக் காரணம், படத்தின்மேல் எப்போதும் நெஹெரியின் கை இருந்ததுதான். செதுக்கிய நாளில் கோல் அவனுடையது. திருப்பித் தருவதாகத்தான் சத்தியம் செய்தான். நடந்ததை மறைப்பதாகச் செய்யவில்லை. நீதிபதி படத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, கோலை அப்படியே கல்லறையில் வைக்கச் சொன்னார். சென்பியின் பெயருக்குக் கீழே, ஓங்கிய கோல் இன்றும் ஓங்கியபடியே இருக்கிறது.