ஆமை வந்த புதன்கிழமை

மருதங்காட்டுக் குளத்தில் பூவாத்தா என்றொரு தவளை இருந்தது. கரையிலேயே கருத்தப்பன் கரடியின் கடலையெண்ணெய் ஆலை. கரடிக்குத் தங்கமான குணம். யார் போனாலும் ஒரு கை வறுத்த கடலை கொடுக்காமல் விடாது. ஆனால் ஆலைக் கழிவு குளத்தில்தான் விழும். புகைபோக்கிக் கரி தாமரை இலையில்தான் படியும்.

அந்த வருஷம் பூவாத்தாவுக்கு நாற்பது தலைப்பிரட்டைகள். தண்ணீர்மேல் எண்ணெய் படர்ந்ததில் பிள்ளைகள் மூச்சுக்குத் தவித்தன. தாய் கரடியிடம் ஓடியது.

"அண்ணே, உங்க ஆலைக் கழிவால என் பிள்ளைங்க சாகுதுங்க!"

"என்ன தங்கச்சி, இப்படிச் சொல்லிட்டே! நாளெல்லாம் இங்கேயேதான் நிக்கிறேன். எனக்கு ஒரு நாத்தமும் தெரியலையே!"

கரடி பொய் சொல்லவில்லை. பாவம், அந்த மூக்கு எண்ணெய்க்குப் பழகிப் போயிருந்தது.

பூவாத்தா, காட்டுக்கே அழுக்கு அளந்து பார்க்கும் நிதானம் என்ற ஆமைக்குச் சொல்லி அனுப்பியது. வெள்ளை இலவம்பஞ்சைக் கழிவில் நனைத்துப் பார்க்கும். புகையில் காட்டிப் பார்க்கும். பஞ்சு கறுத்தால் ஆலையைத் திருத்தியாக வேண்டும். "புதன்கிழமை வருகிறேன்" என்று ஆமை இருவருக்கும் தகவல் அனுப்பியது.

கரடிக்குத் தலைகால் புரியவில்லை. வீடு தேடி விருந்தாளி வருகிறாரே! அடுப்பை அணைத்தது. கழிவை மடை போட்டு அடைத்தது. வாய்க்காலை ஊற்றுத் தண்ணீரில் அலசியது. வாசலில் கோலம்கூடப் போட்டது!

ஆமை வந்து பஞ்சை நனைத்தது. வெள்ளை! புகைபோக்கியில் காட்டியது. வெள்ளை!

"ஒரு குறையும் இல்லை."

"ஐயா, இன்னிக்கு ஆலையே ஓடலையே!" என்றது பூவாத்தா.

"பார்த்ததைத்தானேம்மா நான் சொல்ல முடியும்?"

பூவாத்தா அழுதுகொண்டே குளத்துக்குப் போனது.

கரடி, ஆமையின் ஓட்டில் ஒரு பொட்டலம் கடலையைக் கட்டி வழியனுப்பியது. "அரை நாள் வேலை கெட்டுப்போச்சு" என்று உடனே அடுப்பை மூட்டி, மடையைத் திறந்தது.

ஆனால் ஆமை அதற்குள் எவ்வளவு தூரம் போயிருக்கும்? வாய்க்காலில்தான் இறங்கியிருந்தது! கொழகொழவென்று வந்த கழிவு தலைமேல் விழுந்தது. புகை கண்ணைக் கரித்தது. கையிலிருந்த பஞ்சு கன்னங்கரேல் என்றானது.

"ஐயையோ பெரியவரே! இன்னுமா போகலை?"

"நான் ஆமைய்யா! அதுக்குள்ள எங்கே போக?"

சத்தம் கேட்டுப் பூவாத்தா ஓடி வந்தது. அது ஏந்தி வந்த தேங்காய்ச் சிரட்டையில் ஒரு தலைப்பிரட்டை துவண்டு கிடந்தது.

"இதையும் பாருங்கண்ணே."

கரடி பார்த்தது.

"என் வாசல்லயே நடந்திருக்கு. எனக்குத் தெரியலையே தங்கச்சி!" என்று குலுங்கி அழுதது.

அன்றே ஆலையை நிறுத்தி, கழிவு தெளியக் குழிகள் வெட்டியது. கரியைப் பிடிக்கப் புகைபோக்கியில் ஈரச் சாக்கு கட்டியது. பிறகு தானே ஆமையைத் தேடிப் போனது.

"மறுபடி அளக்க வாங்க பெரியவரே. ஆனா எப்போ வர்றீங்கன்னு மட்டும் எனக்குச் சொல்லாதீங்க!"

வேலை ஓடுகிற நாளில் அளந்தால்தான், நம்மால் பிறருக்கு வரும் கெடுதல் நமக்கே தெரியும்.