சால்மன் கடித்த சிவப்பு இறகு

அந்தக் காலத்தில் மீனும் பேசும், ஆறும் பேசும். கடலில் தின்று கொழுத்த சால்மன் மீன் ஒன்று, முட்டை சுமந்த தன் மனைவியோடு, தான் பிறந்த பேராற்றுக்குத் திரும்பி வந்தது. ஆறு கடலில் கலக்கும் இடத்திலேயே தண்ணீர் அவற்றைத் தடுத்தது.

“இங்கே இருப்பதை நீங்கள் தின்றுவிட்டால் உங்கள் குஞ்சுகள் எதைத் தின்னும்?” என்று கேட்டது ஆறு. “வெறும் வயிற்றோடு வந்தால்தான் அருவியில் ஏற விடுவேன்.”

அருவிக்கு மேலேதான் முட்டையிடும் கூழாங்கல் படுகை இருந்தது. ஆண் மீன் ஒப்புக்கொண்டது.

அருவிக்குக் கீழே, கரையோரம் கொற்றன் வீடு.

“ஏங்க, பரண் முழுக்கக் கருவாடு. இன்னும் எதுக்குத் தூண்டிலைத் தூக்குறீங்க?” என்றாள் அவன் மனைவி நாச்சி.

“மீனுக்கா போறேன்? சும்மா உட்கார முடியல.”

“அப்போ விறகு பிளக்கலாமே.”

அதற்குள் அவன் ஆற்றங்கரைக்குப் போய்விட்டான்.

மீன்கள் இரண்டும் தாவுவதற்கு முன் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. கொற்றன் புழுவைப் போட்டான். ஆண் மீன் முகத்தைத் திருப்பிக்கொண்டது. இறாலைப் போட்டான். அதையும் தொடவில்லை.

“மகாராஜாவுக்கு இதெல்லாம் இறங்காதோ?” என்றபடி, முள்ளில் ஒரு சிவப்பு இறகைக் கட்டி அதன் மூக்குக்கு நேரே ஆட்டினான். இழுத்தான். மறுபடி ஆட்டினான்.

“அது இரை இல்லைங்க, வாங்க போகலாம்,” என்றது பெண் மீன்.

“தெரியுது. ஆனா சும்மா இருக்க விடமாட்டேங்குதே.”

வால் துடித்தது. இறகு இன்னொரு முறை மூக்கில் உரசியது. ஆண் மீன் வெடுக்கென்று கடித்தது.

முள் கீழ்த்தாடையில் ஏறியது. கொற்றன் நெடுநேரம் போராடி அதைக் கரைக்கு இழுத்தான்.

“நான் பசியில் கடிக்கல,” என்றது மீன்.

கொற்றன் யோசித்தான். “நானும் பசியில் பிடிக்கல.”

முள்ளை மெல்லக் கழற்றி, மீனைத் தண்ணீரில் விட்டான். தாடை வளைந்துபோயிருந்தது.

அருவியடியில் பெண் மீன் நகராமல் காத்திருந்தது.

“கடித்தாயா?” என்றது ஆறு.

“கடித்தேன். விழுங்கல.”

“வாயைத் திற.”

வாய் காலியாக இருந்தது. ஆறு கொஞ்சம் தயங்கியது.

“ஏறிப் போ. ஆனால் அந்த வளைவு நிமிராது.”

இரண்டும் தாவின.

அன்று முதல்தான், முட்டையிட ஆறேறும் சால்மன் இரை தேடுவதில்லை, ஆனாலும் ஆடும் இறகைக் கண்டால் கடித்துவிடுகிறது. ஆண் மீனின் தாடையும் கொக்கிபோல வளைகிறது. வீட்டில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தாலும், கரையில் யாரோ ஒருவர் தூண்டிலோடு நிற்பதும் அன்று முதல்தான்.