ஊரே உரசிய தாலி

தமிழனுக்குத் தங்கம் கழுத்தில் கிடப்பதைவிட வாயில் கிடப்பதுதான் அதிகம். அழுகிற பிள்ளையைத் தூக்கினால் 'என் தங்கமே' என்பான். அந்தப் பிள்ளை மடியை நனைத்துவிட்டாலும் தங்கம்தான், கொஞ்சம் ஈரத் தங்கம். கூட்டத்துக்குத் தாமதமாக வந்தவன் மைக்கைப் பிடித்து, 'உங்கள் பொன்னான நேரத்தை வீணாக்க விரும்பவில்லை' என்று ஆரம்பித்து, பந்தியில் போட்ட சோறு ஆறும்வரை பேசுவான். அவனுக்குப் போர்த்துகிற பொன்னாடையை வெயிலில் பிடித்துத் தேடினாலும் ஒரு நூல் பொன் கிடையாது. சங்கத்துக்குப் பொன்விழா என்பார்கள். போனால் ஆளுக்கு ஒரு லட்டும் கொஞ்சம் மிக்சரும். நமக்கெல்லாம் இது பழகிப்போச்சு. லட்டைத் தின்றுவிட்டு வந்துவிடுவோம்.

ஆமாங்குடிக்காரர்களால் மட்டும் அப்படி இருக்க முடியவில்லை. யார் எதைச் சொன்னாலும் அதை அப்படியே செய்கிற சனம் அது. எங்கள் ஊருக்கும் ஆமாங்குடிக்கும் நடுவில் ஒரு வாய்க்கால் ஓடுகிறது. நான் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பிற்பாடு யாருக்கும் சந்தேகம் வராது பாருங்கள்.

அந்த ஊரில் வைரவன் என்று ஒரு டிராக்டர்காரன். தங்கமான பையன். பார்த்தீர்களா, நானும் சொல்லிவிட்டேன்! உழச் சொன்னால் உழுவான், நிறுத்தச் சொன்னால் நிறுத்துவான். ஒருநாள் உழச் சொன்ன ஆள் நிறுத்தச் சொல்ல மறந்து சாப்பிடப் போய்விட்டார். வைரவன் வயலை உழுது, வரப்பை உழுது, வண்டிப்பாதையை உழுது, அடுத்த ஊர் மிளகாய்த் தோட்டத்துக்குள் நுழைந்துவிட்டான். தோட்டத்துக்காரப் பெண் செண்பகவடிவு, களைக்கொத்தும் கையுமாகக் குறுக்கே வந்து நின்று, "ஏய், நிறுத்து!" என்று ஒரு சத்தம் போட்டாள். நிறுத்திவிட்டான். அவள் முகத்தை அன்றைக்குப் பார்த்தவனுக்கு அதன்பிறகு சோறு இறங்கவில்லை. அவளுக்கும் அவனைப் பிடித்துப்போனது. சொன்னவுடன் நிற்கிற ஆண்பிள்ளையை அவள் அதுவரை கண்டதே இல்லையாம்.

ஆமாங்குடிக்குப் பெண் கொடுக்க லேசில் யாரும் முன்வருவதில்லை. வைரவனின் அப்பா பூவலிங்கம் பல வாசல் ஏறி இறங்கிச் செருப்புத் தேய்ந்தவர். அதனால் வடிவின் அம்மா கோமதியம்மாள் தலையை ஆட்டியதும் மனுஷன் அழுதேவிட்டார். ஆனால் அந்த அம்மா ஒரு நிபந்தனை போட்டாள். அவளுடைய மூத்த மகளுக்குக் கட்டிய தாலி, கல்யாணச் சேலை கசங்குவதற்குள் பச்சை பூத்துவிட்டது. கவரிங்!

"அண்ணாச்சி, நகை நட்டு எதுவும் நான் கேக்கல. தாலி மட்டும் சொக்கத் தங்கமா இருக்கணும். உரசிப் பாத்து, தங்கந்தான்னு உங்க ஊரே சொல்லணும். இல்லன்னா மணவறையில இருந்து எம்பிள்ளைய எழுப்பிக் கூட்டிட்டுப் போயிருவேன், ஆமா."

"ஊரே சொல்லணும்," என்று பூவலிங்கம் வாய்க்குள் ஒருமுறை சொல்லி மனசில் முடிந்துகொண்டார். அங்கேதான் கெட்டது.

டவுன் ஆசாரி நல்ல கனமாகவே தாலி செய்து கொடுத்தார். கருப்புக் கல் ஒன்றை எடுத்து, தாலியால் அதில் லேசாக ஒரு இழுப்பு இழுத்துக் காட்டினார். "இதுக்குப் பேரு உரைகல்லு. மஞ்சளா கோடு விழுதுல்லா? அப்ப தங்கம். ஒரு கோடு போதும்."

"அது நீரு பாத்தது. எங்க ஊரு பாக்கணுமே," என்றார் பூவலிங்கம்.

ஆசாரிக்கு ஆமாங்குடியைப் பற்றித் தெரியும். ஊரையே லாரியில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுவந்துவிடுவார்களோ என்று பயந்து, உரைகல்லையும் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்.

கோயிலுக்கு முன்னால் ஊர் கூடியது. முதலில் மாசானம் உரசினார். ஆமாங்குடியிலேயே படித்தவர் அவர் ஒருவர்தான். மூன்றாம் வகுப்பு ரொம்பப் பிடித்துப்போய் அதிலேயே சில வருஷம் தங்கியவர். ஒரு கோடு இழுத்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "தங்கம்," என்றார். ஊரே மூச்சு விட்டது. அடுத்த ஆள் இழுத்தார். அவரும் தங்கம் என்றார். அப்புறம் உலகம்மாள் வந்தாள். கல்யாண வீடுகளில் பாத்திரம் தேய்க்கிற கை அது. கல்லைக் காலால் அணைத்துக்கொண்டு, அடிப்பிடித்த பால்சட்டியைத் தேய்ப்பதுபோலத் தேய்த்துவிட்டு, "தங்கந்தான் போல," என்று மூச்சு வாங்கினாள். பார்வை மங்கிய பால்வண்ணத்துக்குச் சின்னக் கோடு தெரியவில்லை. அவருக்குத் தெரிகிற அளவுக்குப் பட்டையாக ஒரு கோடு போட, நாலு பேர் மாறி மாறி இழுத்துக் கொடுத்தார்கள்.

வரிசை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆண்டிக்கண்ணு வந்தான். அவன் தன் நிழலையே யாருடையது என்று கேட்கிறவன்.

"என்ன மாமா, இப்படி மின்னுது?"

"தங்கம்னா மின்னும்லே," என்றார் பூவலிங்கம்.

"மின்னுறதெல்லாம் பொன்னில்லன்னு பெரியவங்க சொல்லலையா?"

எல்லோரும் மாசானத்தின் முகத்தைப் பார்த்தார்கள்.

மாசானம் தாடையைச் சொறிந்தார். "இவன் சொல்லதுலயும் நியாயம் இருக்கு. மின்னுறது பொன்னில்லன்னா, மின்னாதது பொன்னு. அப்ப முதல்ல மின்னுறத நிப்பாட்டணும்."

சாணியைக் கரைத்துத் தாலியை அதில் ஊறப்போட்டார்கள். வெளியே எடுத்தபோது ஒரு மினுக்குக்கூட இல்லை. ஊருக்கு நிம்மதி. ஆண்டிக்கண்ணு பக்தியோடு ஒரு கோடு இழுத்தான். கோடு பச்சையாக விழுந்தது.

"கவரிங்! கவரிங்!" என்று உலகம்மாள் மாரில் அடித்துக்கொண்டாள்.

தாலியைக் கழுவினார்கள். மறுபடி மஞ்சளாகக் கோடு விழுந்தது. ஆனால் மறுபடி மின்னியது. மறுபடி சாணி. இப்படியே சாணியும் தண்ணீரும் கல்லுமாக ஊர் பாடுபட்டதில் ஒரு மாடு ஓய்ந்துபோனது.

வைரவன் அப்பாவின் தோளைத் தொட்டான். "அப்பா, தாலி சின்னதாயிட்டே வருதே. எனக்குப் பயமா இருக்குப்பா."

"போலே! சொக்கத் தங்கம் இளகின பொருளு. ஊரு கை பட்டா கொஞ்சம் கூச்சப்படும்," என்றார் பூவலிங்கம்.

ஆண்டிக்கண்ணுக்கு அடுத்த சந்தேகம் வந்தது. "மேலாக்கதான் பாத்திருக்கோம். உள்ள பித்தளையா இருந்தா?"

"உள்ளயும் பாப்போம்," என்றார் மாசானம்.

உரசினார்கள்.

"இப்ப உள்ளதானே?"

"எங்க உள்ள? உரசின உடனே இது வெளியாயிட்டுல்லா?"

மாசானம் குனிந்து பார்த்தார். வாஸ்தவம்தான். எவ்வளவு உரசினாலும் உள்ளே இருப்பது வெளியே வந்துவிடுகிறது. "விடாதீங்கவே! இப்படிப் பயந்து பயந்து உரசினா உள்ள இருக்கது இன்னும் உள்ள ஓடிரும். ஓட விடாம அழுத்தி உரசுங்க," என்றார்.

திருப்பூருக்கு வேலைக்குப் போனவர்களும் ஊர்தானே? வீடியோ காலில் கூப்பிட்டு உரசிக் காட்டினார்கள். நெட் விட்டு விட்டு வந்ததால் அவர்களுக்காகத் திரும்பத் திரும்ப உரச வேண்டியிருந்தது. கடைசியில் பூவலிங்கத்தின் விரலிடுக்கில் ஒரு கடுகளவு மிச்சம் இருந்தது. அதையும் அவரே உரசிப் பார்த்து, வெறும் விரலை நிமிர்த்தி, "கடைசி வரைக்கும் தங்கம்!" என்றார். ஊரே கைதட்டியது. ஆண்டிக்கண்ணுகூடத் தட்டினான். அவன் சந்தேகப்படுவதற்கு அங்கே ஒன்றும் மிச்சம் இல்லை.

முகூர்த்த நாள் வந்தது. தாம்பாளத்தில் பட்டு விரித்து, உரைகல்லை நடுவில் வைத்து, பூப்போட்டு மேளதாளத்தோடு கொண்டுபோனார்கள். நானும் அன்றைக்குப் பந்தலில்தான் இருந்தேன். பெண் வீட்டுப் பக்கம், மறந்துவிடாதீர்கள்.

"தாலி எங்க அண்ணாச்சி?" என்றாள் கோமதியம்மாள்.

"இந்தா இருக்கே, சம்பந்தியம்மா."

"இது கல்லுல்லா!"

"கல்லு மேல பாருங்க. முன்ன அது கட்டியா இருந்துச்சு, இப்ப கோடா இருக்கு. ஊரே உரசிப் பாத்தாச்சு. ஒருத்தர் பாக்கி இல்ல."

"இத எப்படிவே எம்பிள்ள கழுத்துல கட்ட?"

மாசானம் முன்னால் வந்தார். "அம்மிய மிதிக்கச் சொல்லுதோம், அதுவும் கல்லுதானே? அத மிதிக்கலாம்னா இத கட்டக் கூடாதா? நாலு வடம் கயிறா போட்டா தாங்கும்."

கோமதியம்மாளுக்கு ஆங்காரம் வந்துவிட்டது. "எந்திரிட்டி வடிவு!" என்று மகள் கையைப் பிடித்து இழுத்தாள். மேளக்காரர் அடிப்பதா நிறுத்துவதா என்று தெரியாமல் குச்சியைத் தூக்கியபடி நின்றார். மணவறையில் வைரவன் பொலபொலவென்று அழுதான். "வடிவு, நான் வேணும்னு செய்யல. உங்க அம்மா சொன்னபடிதான் செஞ்சோம். நீ எந்திரிச்சுப் போயிட்டா நான் செத்துப்போவேன்," என்றான்.

வடிவு எழுந்திருக்கவில்லை. "எம்மா, எனக்குத் தங்கமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். இவரு போதும். இல்லாதப்பட்டவங்க கயித்துல மஞ்சக்கிழங்கு கோத்துக் கட்டலையா? அதையே கட்டச் சொல்லும்மா."

கோமதியம்மாள் கல்லைப் பார்த்தாள், மாப்பிள்ளையின் நனைந்த முகத்தைப் பார்த்தாள், வாயைப் பிளந்துகொண்டு நின்ற ஆமாங்குடியையும் பார்த்தாள். "மூத்தவ மாமனார் கவரிங்க தங்கம்னு சொல்லி ஏமாத்தினாரு. இவங்க தங்கத்தையே கரைச்சுக் கொண்டாந்து கணக்குக் காட்டுதாங்க. இவங்களுக்கு ஏமாத்தக்கூடத் தெரியாதுடி. கட்டிக்கோ போ!" என்று மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஐயர் ஒரு கொழுத்த மஞ்சள் கிழங்கைக் கயிற்றில் முடிந்து கொடுத்தார். வைரவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கயிற்றைத் தூக்கினான்.

"நிறுத்துலே!" என்றார் பூவலிங்கம். நிறுத்திவிட்டான்.

"உரசிப் பாக்காம கட்டலாமா? சம்பந்தியம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்."

ஆமாங்குடி மளமளவென்று வரிசையில் நின்றது. மாசானம் கிழங்கை வாங்கிக் கல்லில் ஒரு இழுப்பு இழுத்தார். பளிச்சென்று மஞ்சளாக, அகலமாக ஒரு கோடு! பக்கத்தில் மங்கலாகக் கிடந்த பழைய கோடுகளையும் இதையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"பூவலிங்கம்! இதுல்லாவே தங்கம்! அப்ப முந்தினதுதான் கவரிங். ஆசாரி நம்மள நல்லா ஏமாத்திட்டான்!"

"நல்லவேளை, அத உரசித் தீத்தோம்," என்றான் ஆண்டிக்கண்ணு.

உலகம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். ஐயர், "நாழியாறது, நாழியாறது!" என்று கத்தினார். கிழங்கு பாதியாகிவிட்டது. வடிவு எட்டி அதைப் பிடுங்கி வைரவன் கையில் திணித்து, "கட்டுங்க!" என்றாள். கெட்டிமேளம் முழங்க, மூன்று முடிச்சும் விழுந்தது. கோமதியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே அட்சதை போட்டாள். பூவலிங்கம் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

வைரவன் மட்டும் இன்னும் என்னவோ யோசனையில் இருந்தான். தாம்பாளத்துப் பக்கம் கையை நீட்டி, உரைகல்லை மெல்ல மடிக்கு இழுத்துக்கொண்டு, புதுப்பெண் காதருகே குனிந்தான்.

"வடிவு, கழுத்தக் கொஞ்சம் இங்கிட்டுச் சாயேன். ஊரே பாத்தாச்சு, நான் ஒருத்தந்தான் இன்னும் உரசிப் பாக்கல."