சடையப்பனின் மாப்பிள்ளைப் படம்

ஓமலேரிக்காரர்களைப் பற்றி அக்கம்பக்கத்து ஊர்களில் என்னென்னவோ சொல்வார்கள். அதில் பாதி பொய். மீதிப் பாதியில் ஒன்றுதான் இது.

அந்த ஊரில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறவன் சடையப்பன். வயது நாற்பதை எட்டிப் பார்த்தும் கல்யாணம் ஆகவில்லை. ஆளில் குறையில்லை, போட்டோவில்தான் குறை. டவுன் ஸ்டூடியோவில் வாடகைக் கோட்டு மாட்டி ஒரு படம் எடுத்து வைத்திருந்தான். அதைப் பார்த்துவிட்டு வந்த பெண்வீட்டார் எல்லாரும் பஞ்சர் கடையில் கோட்டுப் போட்டவரைத் தேடிவிட்டுத் திரும்பிப் போனார்கள். சடையப்பனும் அவர்களோடு சேர்ந்து தேடினான்.

இந்த முறை விஷயம் வேறு. பெண்ணின் பெயர் மரகதம். நிறுத்தத்தில் நிறுத்தாமல் போன பஸ் டிரைவரை ஒருநாள் அவள் திட்டிய திட்டைச் சடையப்பன் தன் காதால் கேட்டிருந்தான். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று இருந்தான். அவளுடைய அப்பா வெள்ளியங்கிரி போனில் கறாராகச் சொல்லிவிட்டார்.

"கோட்டுப் படமெல்லாம் வேண்டாம். போன்ல எடுக்கிறதும் வேண்டாம், அது மூஞ்சிக்கு வெள்ளையடிச்சுக் காட்டுது. நல்ல கேமராவுல, அன்றாடம் எப்படி இருப்பீங்களோ அப்படியே எடுத்து அனுப்புங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள வரலைன்னா சொசைட்டி கிளார்க்குக்கு வாக்குக் குடுத்துருவேன்."

சடையப்பன் அந்த நிமிஷமே கடையைப் பூட்டினான். இரண்டு நண்பர்களையும் கூட்டிக்கொண்டு டவுனுக்கு ஓடினான். ஒருவன் மைக்செட் மாசிலாமணி. ஒயர் உள்ள எதற்கும் ஊரில் அவன்தான் அத்தாரிட்டி. இன்னொருவன் ஆடு மேய்க்கிற தவசி, நிதானமானவன். எதையும் இரண்டு முறை யோசித்துத்தான் தப்பாகப் புரிந்துகொள்வான்.

டவுனில் கல்யாணப் படம் எடுக்கிற அருளப்பன், புதுக் கேமரா வாங்கிவிட்டு, பழைய டிஜிட்டல் எஸ்.எல்.ஆர் கேமராவை அலமாரியில் போட்டிருந்தார். எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார்.

"பழசுதான். கத்துக்குட்டிங்களுக்குன்னே செஞ்ச மாடல். ஆனா அன்றாட உபயோகத்துக்குத் தாராளமாப் போதும். வெச்சுப் பாருங்க, எப்படின்னு சொல்லுங்க, பிடிச்சா நீங்களே வெச்சுக்கங்க" என்றார். பிறகு விரலை நீட்டி ஒவ்வொன்றாகக் காட்டினார். "இந்த லென்ஸ் மூடி போச்சுன்னா வேற கிடைக்காது, எங்கேயும் கழட்டி வெச்சிடாதீங்க. எடுக்கிறப்போ கேமரா ஆடக்கூடாது. பட்டனை முதல்ல பாதி அமுக்கணும், பீப்னு சத்தம் வரும், அப்புறம் மீதியை அமுக்கணும். எடுக்க ஆளில்லைன்னா இதோ டைமர். தட்டிவிட்டா லைட்டு மினுக்கும், கொஞ்ச நேரத்துல அதுவே எடுத்துக்கும்."

மூவரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள்.

முதல் வேலையாக அன்றாட உபயோகத்தைச் சோதித்தார்கள். சடையப்பன் பஞ்சர் ஒட்டிய டியூபின் மேல் கேமராவைத் தூக்கி வைத்தான். நல்ல கனம், ஒட்டு கெட்டியாகப் பிடித்தது. மாசிலாமணி மதியத் தூக்கத்துக்குத் தலைக்கு வைத்துப் பார்த்துவிட்டு, "ஒரு பக்கம் கொஞ்சம் மேடு, மத்தபடி குறை சொல்ல முடியாது" என்றான். தவசி அதைக் கிடாயின் கழுத்தில் மாட்டி மந்தை முழுக்கச் சுற்றவிட்டான். கிடாய் எந்தக் குறையும் சொல்லவில்லை.

அதற்கப்புறம்தான் சடையப்பனை நிறுத்தி வைத்து, கேமராவின் துளையில் கண்ணை வைத்தான் மாசிலாமணி. மூடி கழற்றப்படவில்லை. கழற்றக்கூடாது என்றுதானே அருளப்பன் சொல்லியிருந்தார்!

"அடேயப்பா! என்னமா இருட்டு! ஒரு தூசி இல்ல, ஒரு கீறல் இல்ல. இவ்வளவு சுத்தமான இருட்டை நான் பார்த்ததே இல்ல."

"நான் தெரியுறேனா?" என்று கேட்டான் சடையப்பன்.

"இருட்டுல எப்படிய்யா தெரிவ?"

தவசி வாங்கிப் பார்த்தான். மறு கண்ணையும் வைத்துப் பார்த்தான். "நட்டநடுப் பகல்ல இருட்டைக் காட்டுதுன்னா இது சாதாரண கேமரா இல்ல. கத்துக்குட்டிங்க கேமராவே இப்படின்னா, பெரிய ஆளுங்க கேமராவுல என்னதான் காட்டும்!"

வியாழக்கிழமை வரைக்கும் ஊரே வரிசையில் நின்று அந்த இருட்டைப் பார்த்துவிட்டுப் போனது. சடையப்பன் மட்டும் வெள்ளிக்கிழமைக்கு விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தான். கிளார்க்கின் முகம் கனவிலேயே வர ஆரம்பித்துவிட்டது. நல்லவேளை, தவசியின் கிடாய் வந்து மூடியைக் கவ்விப் பிடுங்கித் தின்றுவிட்டது. நாம் கழற்றவில்லை, ஆடுதான் கழற்றியது, ஆகவே சொன்ன சொல் மீறப்படவில்லை என்று மூவரும் ஒருமனதாக முடிவு செய்தார்கள். இப்போது துளைக்குள் சடையப்பன் பளிச்சென்று தெரிந்தான்.

"ஐயய்யோ, இருட்டு போச்சே!" என்று பதறினான் மாசிலாமணி.

அடுத்து பட்டன். முதலில் பாதி, பிறகு மீதி. இதைப் பங்கு பிரிப்பதில் தகராறு வந்துவிட்டது.

"பாதியை நான் அமுக்குறேன், மீதி உனக்கு" என்றான் மாசிலாமணி. அவன் அமுக்கினான், பீப் என்றது. மரியாதையாக விரலை எடுத்துக்கொண்டு விலகினான். தவசி வந்து தன் பங்கை, அதாவது பாதியை, அமுக்கினான். மறுபடி பீப்.

"நீ உன் பாதியை அமுக்காம என் பாதியையே ஏன்டா அமுக்குற?"

"உன் பாதி எங்க முடியுதுன்னு பட்டன்ல கோடு எதுவும் போடலியே!"

அன்று பொழுது சாயும்வரை கேமரா பீப் பீப் என்று கூவிக்கொண்டே இருந்தது. படம் ஒன்றும் விழவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்தது. சடையப்பன் கிட்டத்தட்ட அழுதுவிட்டான். "டேய், மரகதம் கைவிட்டுப் போயிருவாடா! டைமரைப் போட்டுத் தொலைங்கடா!"

கேமரா ஆடக்கூடாதே! பழைய டியூபைக் கிழித்து, வாசல் வேப்பமரத்தோடு சேர்த்து இறுக்கிக் கட்டினார்கள். கட்டி முடித்த பிறகு பார்த்தால், கண் வைக்கிற துளை மரத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இனி என்ன தெரிகிறது என்பதை மரம்தான் சொல்லவேண்டும். எதிரே ஒரு பச்சைப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, பனியனும் கைலியுமாகச் சடையப்பனை உட்காரவைத்தார்கள். மாசிலாமணி டைமரைத் தட்டினான். லைட் மினுக்கத் தொடங்கியது.

சடையப்பனுக்குத் திடீரென்று சந்தேகம் வந்துவிட்டது. நாம் சரியாக உட்கார்ந்திருக்கிறோமா? யாரைக் கேட்பது? பார்த்துக்கொண்டிருப்பது மரம் ஒன்றுதான். எழுந்து ஓடிப்போய் மரத்துக்குப் பின்னால் நின்று நாற்காலியை எட்டிப் பார்த்தான்.

"டேய், நான் தெரியலையேடா!"

மற்ற இருவரும் அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "ஆமாய்யா, தெரியல!" என்றார்கள். அதே நேரத்தில் கேமரா கிளிக் என்றது. அத்தோடு பேட்டரியின் உயிரும் போனது.

டவுனில் படத்தைப் பிரிண்ட் போட்டுக் கொடுத்த ஸ்டூடியோக்காரர் எதுவும் கேட்கவில்லை. ஓமலேரிக்காரர்களிடம் கேள்வி கேட்பதை அவர் எப்போதோ விட்டுவிட்டார். நாற்காலி துல்லியமாக விழுந்திருந்தது. அதன் காலில் இருந்த விரிசல்கூடத் தெரிந்தது. சடையப்பன்தான் இல்லை.

"இதை எப்படி அனுப்புறது?" என்று கேட்டான் சடையப்பன்.

தவசி இரண்டு முறை யோசித்தான். "அன்றாடம் காலையில நீ எங்க இருப்ப?"

"கடையில."

"அப்ப வீட்டு வாசல்ல இந்த நாற்காலி அன்றாடம் எப்படி இருக்கும்?"

"காலியாத்தான்."

"அவரு கேட்டதும் அன்றாடம் இருக்கிற மாதிரிதான?"

படம் பஸ் ஏறிப் போனது.

மறுநாள் சடையப்பனின் போன் அடித்தது. வெள்ளியங்கிரி நெகிழ்ந்து போயிருந்தார்.

"மாப்பிள்ளை! அந்தக் கிளார்க்கு படத்துல சாய்ஞ்சு உக்காந்து சிரிக்கிறான். போட்டோ எடுக்கிற நேரத்துலகூட உக்காராம உழைக்கப் போன ஆளு நீங்க ஒருத்தர்தான். மரகதம் உங்களைத்தான் கட்டுவேன்னு நிக்கிறா!"

சடையப்பன் கேமராவை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். நேராக அருளப்பனிடம் போனான்.

"அண்ணே, பழசு கிழசுன்னு சொன்னீங்க. இதோட அறிவு எதுக்கு வரும்? எதை எடுக்கணும், எதை விடணும்னு அதுக்கே தெரியுது. நாங்களே வெச்சுக்கிறோம்."

அருளப்பன் மூடியைப் பற்றி விசாரித்தார். அது கிடாயிடம் பத்திரமாக இருப்பதாகச் சொன்னான்.

கல்யாணம் தடபுடலாக நடந்தது. தாலி கட்டி முடித்ததும் படம் எடுக்க மரகதம் புடவையைச் சரிசெய்துகொண்டு நின்றாள். சடையப்பன் அவளை நிறுத்தி, இந்தக் கேமராவில் படம் நன்றாக வருவதற்கு என்ன செய்யவேண்டும் என்று விளக்கினான். அவள் கவனமாகக் கேட்டுக்கொண்டு, தன் சனத்துக்கும் சொன்னாள். ஓமலேரிக்கு ஏற்ற மருமகள்தான். பெண், மாப்பிள்ளை, மாமனார், மாமியார், ஐயர், நாதஸ்வரக்காரர் அத்தனை பேரும் மேடையை விட்டு இறங்கி, கேமராவுக்குப் பின்னால் நெருக்கியடித்துக்கொண்டு நின்று சிரித்தார்கள். கிளிக் என்றது.

அந்தப் படம் இன்றும் சடையப்பன் வீட்டுக் கூடத்தில் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தொங்குகிறது. வருகிறவர்களிடம் அவன் விரல் வைத்துக் காட்டுவான். "இதோ, இங்க நான் இல்ல. எனக்குப் பக்கத்துல வெக்கப்பட்டுக்கிட்டு மரகதம் இல்ல. ஓரத்துல மாமா இல்ல."

மரகதத்துக்கு மட்டும் அந்தப் படத்தில் ஒரு குறை உண்டு. தான் இல்லாத இடத்தில் வெளிச்சம் கொஞ்சம் கம்மி என்பாள்.