சார் சொல்லாத வரி

இந்தக் கூத்தைக் கேளுங்கள். வளரும் நாடுகளின் கணித ஆய்வாளர்களுக்கென்று ஒரு பெரிய பரிசு. அதற்குத் துறைத்தலைவர் அருணகிரி தன் பெயரில் அனுப்பிய நிரூபணம், அவரிடம் ஆய்வு செய்யும் செண்பகவடிவு நாலு வருஷம் உழைத்துக் கண்டுபிடித்தது.

"நடுவர்கள் வீடியோவில் வருவாங்க. நான் பேசுவேன், நீ போர்டில் எழுது. நான் சொல்லாத ஒரு எழுத்து விழுந்தாலும் உன் தீசிஸில் என் கையெழுத்து விழாது."

"சரிங்க சார்" என்றாள் அவள்.

திரையில் மூன்று நடுவர்கள். சார் இரண்டு வரி சொன்னார், எழுதினாள். "மீதி வழக்கம்போலத்தான், எழுதும்மா" என்றார். வகுப்பில் அந்த இடத்திலிருந்து அவளே எழுதி முடித்துவிடுவாள். இன்று சாக்பீஸைப் பிடித்தபடி சார் பக்கம் திரும்பினாள்.

"சொல்லுங்க சார், எழுதறேன்."

சார் போர்டில் இருந்த இரண்டு வரியையே திரும்பத் திரும்பப் படித்தார்.

"அடுத்த வரி உங்களுக்குத் தெரியுமா?" என்று அவளிடம் கேட்டார் ஒரு நடுவர்.

"தெரியுங்க. சார் சொல்லாம எழுதக்கூடாதுன்னு உத்தரவு."

"எழுது" என்றார் சார்.

பதினோரு வரி எழுதினாள்.

"கீழே, கண்டுபிடித்தவர் பெயரையும் எழுதுங்கள்."

அவள் பயந்து பயந்து சார் பக்கம் திரும்பினாள்.

"சார், அதையும் நீங்களே சொல்லிடுங்க."