கோணமடைக்கு வந்த இரும்புச்சாமி

கோணமடை என்றொரு ஊர். இப்போது போய்த் தேட வேண்டாம். ஊர் இருந்த காலத்திலேயே அந்த ஊர்க்காரர்கள் அதைத் தேடித்தான் வீடு போய்ச் சேர்வார்கள்.

அறிவுக்கு அங்கே பஞ்சமே கிடையாது. ஊரில் இருந்த அறிவு மொத்தத்தையும் மூன்று பேரிடம் ஒப்படைத்துவிட்டு மற்றவர்கள் நிம்மதியாக வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலாமவர் மணியக்காரர் பெத்தபெருமாள். இரண்டாமவர் அவர் தங்கை ஒச்சம்மாளைக் கட்டியிருந்த கொம்பையா. மூன்றாமவர் வெயிலுகந்தான். அவர்தான் ஊரின் ஒரே படிப்பாளி. எந்த எழுத்தையும் அரைநாளில் படித்துவிடுவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை, மலைக் கொள்ளைக்காரன் வல்லயனிடமிருந்து ஆள் வந்தது. "வர்ற வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதுக்கு எங்க அண்ணன் வருவாரு. களத்துல இருக்கிற நெல்லையெல்லாம் மூட்டை கட்டித் தயாரா வைங்க" என்று சொல்லிவிட்டு, ஒரு செம்பு மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனான்.

மூவரும் உடனே வேலையில் இறங்கினார்கள். அன்று சாயங்காலத்துக்குள் அறுபத்திரண்டு மூட்டை கட்டி, வாய் தைத்தாகிவிட்டது. வல்லயனின் ஆட்களுக்குக் குனிந்து தூக்கச் சிரமமாக இருக்குமே என்று, ஊர் எல்லையில் இடுப்பு உயரத்துக்கு மேடை போட்டு, அதன்மேல் அடுக்கினார்கள். வெயில் படாமலிருக்க மேலே தென்னங்கீற்றும் வேய்ந்தார்கள்.

ஒச்சம்மாள் வந்து பார்த்தாள். "எல்லாம் சரிதான் அண்ணே. அம்புட்டையும் அவங்களுக்குக் கட்டி வச்சுட்டா, அடுத்த அறுப்பு வரைக்கும் நாம என்னத்தத் திங்கிறது?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இப்படி ஒரு கோணம் இருப்பது யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

"மச்சான், இவ சொல்றதுல ஏதோ இருக்கு" என்றார் கொம்பையா.

"இருக்கு மாப்ளே. ஆனா மூட்டை கட்டியாச்சே. பிரிச்சா தையல் வீணாப் போகுமே" என்றார் மணியக்காரர்.

தையலையும் காப்பாற்ற வேண்டும், நெல்லையும் காப்பாற்ற வேண்டும். அப்படியானால் வல்லயனைத் தடுப்பதற்கு ஒரு வீரன் வேண்டும். ஊரில் வீரர்கள் இல்லாமல் இல்லை. எல்லாருக்கும் வெள்ளிக்கிழமை வேறு வேலை இருந்தது.

மணியக்காரர் வீட்டுக் கட்டிலுக்கு ஒரு கால் குட்டை. அதற்கு முட்டுக்கொடுத்திருந்த ஓலைச்சுவடிக் கட்டை உருவிக்கொண்டு வந்தார்கள். வெயிலுகந்தான் மறுநாள் விடிந்ததிலிருந்து மத்தியானம் வரை படித்தார். அது வீரனை வரவழைக்கும் ஓலை. தரையில் வட்டம் போட்டு, அதற்குள் நின்று, "வீரனே வா" என்று மூன்று முறை கூப்பிட வேண்டும். எந்த நாட்டில் இருந்தாலும் வீரன் வந்து நிற்பான். கூப்பிட்டவர்களின் பேச்சு அவன் நாவில் ஏறிவிடும். அவர்கள் சொல்லை அவனால் மீற முடியாது. காரியம் முடிந்து அவன் மறைவதற்குள் வெற்றிலை பாக்குக் கொடுத்து அவனுக்கு விடை கொடுக்க வேண்டும். அதுவரை கூப்பிட்டவர்கள் வட்டத்தை விட்டு வெளியே வரக் கூடாது.

"வெளிய வரக் கூடாதா? வீட்டுக்கு எப்படிப் போறது? சோத்துக்கு எப்படிப் போறது?" என்று கேட்டார் கொம்பையா.

நெடுநேரம் யோசித்து மணியக்காரர் வழி கண்டுபிடித்தார். "மாவுல வட்டம் போட்டாத்தான வம்பு? கயித்துல போடுவோம். நாம போற இடத்துக்கெல்லாம் வட்டமும் வரும்."

அப்படியே கிணற்றுக் கயிற்றை வளையமாக முடிந்து, மூவரும் உள்ளே நுழைந்து, இடுப்பளவில் பிடித்துக்கொண்டார்கள். அதற்கப்புறம் இந்தக் கதையில் அவர்கள் எங்கே போனாலும் கயிற்றுக்குள்தான் போனார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

மூன்று முறை கூப்பிட்டார்கள். மூன்றாவது "வா" வாயிலிருந்து முழுசாக வெளியே வரவில்லை, எதிரே ஒரு குதிரை நின்றது. குதிரைமேல் ஓர் ஆள். உச்சி முதல் உள்ளங்கால் வரை இரும்பு. இடுப்பில் வாள். வலது கையில் வறுத்த கோழிக்கால்.

அவர் மேற்கே ஏழு கடல் தாண்டிய ஒரு நாட்டில் பேர்போன வீரர். மூன்று தலைப் பாம்பைக் கொன்றவராம். அதைக் கொண்டாட ராஜா வைத்த விருந்தில் குதிரையை விட்டுக்கூட இறங்காமல் முதல் கடி கடிக்கப் போனவரைத்தான் இவர்கள் கூப்பிட்டு விட்டார்கள். வந்து விழுந்த வேகத்தில் தலைக்கவசத்தின் முகத்தகடு டப்பென்று மூடிக்கொண்டது. கோழிக்கால் கைநழுவியது. அது தரையைத் தொடுவதற்குள் கோணமடை நாய் ஒன்று கவ்விக்கொண்டு போய்விட்டது. அந்த ஊரில் விவரமான பிராணி அது ஒன்றுதான்.

"எவன்டா என்னைக் கூப்பிட்டது?" என்று தகட்டுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. சுத்தமான கோணமடைப் பேச்சு.

கொம்பையா எட்டி அவர் முழங்காலைத் தட்டிப் பார்த்தார். ணங் என்றது. "மச்சான், குதிரைமேல உக்காந்திருக்கு. கையில வாளு. ஊரைக் காக்க வந்திருக்கு. கூப்பிட்ட குரலுக்கு வந்திருக்கு. இது வீரன் இல்ல, நம்ம காவல் சாமி!"

"யோவ், நான் சாமி இல்லய்யா. மனுசன்."

"எந்தச் சாமி தன்னைச் சாமின்னு ஒத்துக்கிட்டிருக்கு?" என்றார் மணியக்காரர், கைகூப்பியபடி. "என்ன ஒரு அடக்கம் பாரு மாப்ளே."

வீரர் முகத்தகட்டைத் தூக்கக் கையைக் கொண்டுபோனார். மூவரும் ஒரே நேரத்தில் அலறினார்கள். "ஐயோ சாமி! கண்ணைத் திறக்காதீங்க!"

அவர்கள் பயத்திலும் நியாயம் இருந்தது. புதுச்சாமிக்கு வேளார் வந்து முறைப்படி கண் திறக்க வேண்டும். சாமியின் முதல் பார்வை கண்ணாடியில்தான் விழ வேண்டும், ஆள்மேல் விழுந்தால் ஆள் சாம்பல். குதிரை பொம்மை செய்கிற வேளார் பக்கத்து ஊரில் இருந்தார். வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதுக்குத்தான் தோது என்று சொல்லியனுப்பினார். ஒச்சம்மாள் மஞ்சள் கயிற்றால் முகத்தகட்டை இறுக்கிக் கட்டினாள். சொல்லை மீற முடியாத வீரர் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். கடிப்பதற்கு வேறு ஒன்றும் இல்லை.

வல்லயனிடமிருந்து நெல்லைக் காப்பாற்ற வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, நெல்மூட்டை மேடைக்கு முன்னால், ஊருக்கு வெளியே பார்க்கிற மாதிரி அவரைக் குதிரையோடு நிறுத்தினார்கள்.

அன்று சாயங்காலம் சர்க்கரைப் பொங்கல் வைத்து, வாழையிலையில் பரிமாறி, அவருக்கு முன்னால் வைத்துச் சூடம் காட்டினார்கள். வாசனை தகட்டு இடுக்கு வழியாக உள்ளே போனது. "கொண்டாங்க, கொண்டாங்க" என்று இரும்புக் கை நீண்டது. அதற்குள் இலையை எடுத்துப் பங்கு போட்டு ஊரே சாப்பிட்டுவிட்டது.

"அடேய், எனக்கு எங்கடா?"

"நீங்கதான் சாப்பிட்டீங்களே சாமி" என்றார் மணியக்காரர். "வாசனை பூராவும் உங்களுக்குத்தான். நாங்க மிச்சத்தைத்தான் தின்னோம்."

வியாழக்கிழமையும் அதே கதைதான். காலையில் புளியோதரை, மத்தியானம் கொழுக்கட்டை, சாயங்காலம் சுண்டல். மூன்று வாசனையையும் அவர் வயிறு முட்ட முகர்ந்தார். குதிரைக்குச் சம்பிரதாயம் தெரியாததால் அது அவர் கழுத்து மாலையைத் தின்று பசியாறியது.

இடையிடையே அபிஷேகம். தண்ணீர்க்குடம் இருபத்தொன்று, பால், இளநீர், மஞ்சள்நீர். ஒச்சம்மாள் வெண்கலப் பானையைத் துலக்குவதுபோல் புளியைக் கரைத்துப் போட்டு அவரை மூட்டுக்கு மூட்டு தேய்த்துக் கழுவினாள். வெள்ளிக்கிழமை காலையில் பார்த்தால், சாமி செக்கச்செவேல் என்று இருந்தது. முழங்கை மடங்கவில்லை. கழுத்து திரும்பவில்லை.

"அருள் ஏறியிருக்கு" என்றார் வெயிலுகந்தான்.

"துரு ஏறியிருக்குடா!" என்றது உள்ளேயிருந்து. "போகட்டும், ஒண்ணு மட்டும் செய்ங்க. எனக்குக் கண்ணு தெரியல. எதிரி வந்தா எந்தப் பக்கம்னு சத்தம் போட்டுச் சொல்லுங்க. வாளை எப்படியாவது உருவிடுறேன்."

"எதிரி வந்தாச் சொல்லணும். அவ்வளவுதான சாமி?" என்று மூவரும் மனப்பாடம் செய்துகொண்டார்கள்.

உச்சிப்பொழுது. வல்லயன் பன்னிரண்டு ஆட்களோடும் இரண்டு வண்டிகளோடும் வந்து இறங்கினான். வண்டி நிறைய, முந்தின ஊரில் கொள்ளையடித்த அரிசி.

வெயிலுகந்தான் மூச்சை இழுத்துக்கொண்டு கத்தப் போனார். மணியக்காரர் அவர் வாயைப் பொத்தினார். "இரு வெயிலு. இவர் எதிரிதான்னு நமக்கு எப்படித் தெரியும்? முகத்தைப் பார்த்து ஒருத்தரை எதிரின்னு சொல்லிடலாமா? கேட்டுக்குவோம்."

மூவரும் கயிறோடு போய் வணக்கம் சொன்னார்கள். "ஐயா, நீங்க எதிரிங்களா?"

வல்லயனுக்குச் சுருக்கென்று வந்தது. "எதிரியா? எனக்கும் உங்களுக்கும் என்னய்யா பகை? நான் கொள்ளைக்காரன்!"

மணியக்காரர் திரும்பி உரக்கச் சொன்னார். "எதிரி இல்ல சாமி, கொள்ளைக்காரர்தான்! நீங்க பாட்டுக்கு இருங்க!"

அப்போதுதான் வல்லயன் நிமிர்ந்து பார்த்தான். எதிரே செக்கச்செவேலென்று ஓர் இரும்புச்சாமி, அசையாமல், குதிரைமேல். வல்லயன் கொள்ளைக்காரனே தவிர, முறை தெரியாதவன் இல்லை. எந்த ஊரில் நுழைந்தாலும் அந்த ஊர்க் காவல் சாமியிடம் உத்தரவு கேட்டுவிட்டுத்தான் மூட்டையில் கைவைப்பான். நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

"சாமி! நெல்லை எடுத்துக்கிறேன். உத்தரவு குடுக்கணும்!"

மூன்று நாள் பசி, தகரத்துக்குள் இடிபோல் முழங்கியது. "முதல்ல சோறு போடுங்கடா!"

பன்னிரண்டு பேரும் தடால் தடாலென்று விழுந்தார்கள். இத்தனை வருஷம் எத்தனையோ சாமியைக் கும்பிட்டிருக்கிறான் வல்லயன், ஒன்றுகூட வாய் திறந்ததில்லை.

"எ... எவ்வளவு சாமி?"

"இருக்கிறது அம்புட்டையும்!"

கொள்ளைக்காரர்கள் அடுப்பு மூட்டினார்கள். வண்டி அரிசியில் முதல் பானை வெந்தது, படைத்தார்கள். வாசனை சாமிக்குப் போனதும் ஊர் உட்கார்ந்து சாப்பிட்டது. "எனக்குடா!" என்று சாமி கத்தியது. அலறிப் புடைத்து இரண்டாம் பானை வைத்தார்கள். அதையும் ஊர் சாப்பிட்டது. "அடப்பாவிகளா, சோறு!" மூன்றாம் பானை. இப்படியே ஒன்றரை வண்டி அரிசி கோணமடையின் வயிற்றுக்குள் போனது. வல்லயன் கண்ணில் புகையும் பயமுமாகத் தண்ணீர் கொட்டியது. "இந்தச் சாமிக்கு வயிறா, வானமா?" என்று புலம்பியபடி அகப்பையால் கிண்டினான்.

அந்த நேரம் பார்த்து வேளார் கண்ணாடியோடு வந்து சேர்ந்தார். உச்சிப்பொழுது தாண்டிவிட்டதே என்று யாரும் கேட்கவில்லை, அவரும் இலையில் உட்கார்ந்துவிட்டுத்தான் எழுந்தார். ஆளுயரக் கண்ணாடியைச் சாமிக்கு முன்னால் நிறுத்தி, பக்கவாட்டில் நின்றபடியே மஞ்சள் கயிற்றை அறுத்து, முகத்தகட்டைத் தூக்கினார்.

மூன்று நாள் இருட்டிலிருந்து வீரர் கண் விழித்தார். எதிரே ஓர் உருவம். துருப்பிடித்த உடம்பு, மஞ்சள் அப்பிய முகம், பட்டினியில் குழிவிழுந்த கண், பாதி மென்ற மாலை. மூன்று தலைப் பாம்புக்குப் பயப்படாதவர் இதைக் கண்டு ஒரு கணம் நடுங்கிவிட்டார்.

"வந்துட்டியாடா வல்லயா!"

கிறீச்சென்று கோழிக் கழுத்தை நெரிக்கிற சத்தத்தோடு வாளை உருவி, ஓங்கி ஒரு வெட்டு. கண்ணாடி ஆயிரம் சில்லாகச் சிதறியது. தன் பெயரைச் சாமி வாயால் கேட்ட வல்லயன், அகப்பையைக்கூடக் கீழே போடாமல் ஓட ஆரம்பித்தான். பன்னிரண்டு பேரும் பின்னால் ஓடினார்கள். வண்டி மாடுகள் மட்டும் நிதானமாக நின்று அசைபோட்டன.

எதிரி தொலைந்தான், காரியம் முடிந்தது. அந்தக் கணமே வீரரும் குதிரையும் மாயமாக மறைந்தார்கள். அறுபத்திரண்டு மூட்டையும் தையல் பிரியாமல் மேடையில் இருந்தன. ஊர் குலவையிட்டது.

கயிற்றுக்குள் மட்டும் மூன்று முகங்கள் வாடியிருந்தன.

"மச்சான், சாமி விடை வாங்காமப் போயிட்டாரே" என்றார் கொம்பையா.

"வெத்தலை பாக்குக் குடுத்து விடை குடுத்தாத்தான் நாம வெளிய வரலாம். ஓலையில தெளிவா இருக்கு" என்றார் வெயிலுகந்தான்.

"அப்ப காலம்பூரா கயித்துக்குள்ளதானா?" என்று மணியக்காரர் தலையில் கைவைத்தார். கொஞ்ச நேரத்தில் அந்தத் தலை பிரகாசித்தது. "இதுல என்னப்பா கஷ்டம்? திரும்பக் கூப்பிட்டு, போகச் சொல்லிருவோம்!"

மூன்று முறை கூப்பிட்டார்கள். குதிரை வந்து நின்றது. மேலே வீரர். முகத்தகடு டப்பென்று மூடியது. பாவம், விருந்துக்குத் திரும்பிப் போனதும் முதல் வேலையாக இன்னொரு கோழிக்காலைத்தான் எடுத்திருக்கிறார். இந்தத் தடவை கெட்டியாகப் பிடித்திருந்தார். ஒரு கடிகூடப் படவில்லை.

"மறுபடியும் எதுக்குடா கூப்பிட்டீங்க?"

"உங்களை அனுப்பி வைக்கத்தான் சாமி" என்று வெற்றிலைத் தட்டை நீட்டப் போன மணியக்காரர் கை பாதியில் நின்றது. "வெயிலு, இன்னிக்கு வெள்ளிக்கிழமை. மேற்கே சூலமாச்சே! சாமி ஊரு மேற்கேல்ல?"

"ஆமா மணியாரே. நாளைக்கு அஷ்டமி. நாளன்னிக்கு நவமி. அதுபோக ஞாயித்துக்கிழமை, அன்னிக்கும் மேற்கே சூலம்."

"அப்ப திங்கக்கிழமைதான். ஒச்சம்மா, மஞ்சக்கயிறைக் கொண்டா. கண்ணாடி உடைஞ்சு போச்சு, வேளார் புதுசு வாங்கிட்டு வர்ற வரைக்கும் கண்ணு மூடியே இருக்கட்டும்."

வீரர் பதறிப்போய்க் கோழிக்காலை முகத்தகட்டு இடுக்கில் திணிக்கப் பார்த்தார். அதைக் கண்ட கொம்பையாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாருங்க மச்சான். நம்மளைச் சிரமப்படுத்தக் கூடாதுன்னு சாமி படையலைக் கையோட கொண்டாந்திருக்கு!"

பயபக்தியோடு வாங்கி, இலையில் வைத்து, சூடம் காட்டி, கோழிக்காலை மூன்றாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். வாசனையில் மட்டும் யாரும் கைவைக்கவில்லை. அது பூராவும் சாமிக்குத்தான்.