படர்தாமரைக்கு எண்ணெய் கேட்டவர்

ஆவுடையப்பன் கேட்க வந்ததைக் கேட்காமல், காய்கிற எண்ணெயைத் துழாவிக்கொண்டே நின்றார்.

அவருக்கு அறுபத்திரண்டு வயது. முப்பது வருஷம் பஸ்ஸில் கண்டக்டர் உத்தியோகம். ஓய்வு பெற்ற மறுமாதமே, பரம்பரை வைத்தியம் பார்க்கிற மங்கையர்க்கரசியிடம் வந்து, கற்றுக்கொடுங்கள் என்று கைகட்டி நின்றார். குருவுக்கு நாற்பது வயதுதான். அதனால் என்ன? நாலு வருஷமாக இவருக்கு அவர் 'அம்மா', அவருக்கு இவர் 'அண்ணாச்சி'.

"சட்டி அடிப்பிடிக்கப் போகுது அண்ணாச்சி. என்ன விஷயம்?" என்றார் குரு.

"ஒண்ணுமில்லம்மா. பக்கத்து வீட்டுக்காரருக்குப் படர்தாமரை. இடுப்பச் சுத்தி வட்டம் வட்டமா இருக்கு. எண்ணெய் கேட்டாரு."

"அவர் வரலியா?"

"கூச்சப்படுதாரு."

பக்கத்து வீடு பூட்டிக் கிடந்து இரண்டு வருஷமாகிறது. அரிப்பு ஆவுடையப்பனுக்குத்தான். ஆடியில் காசளவு இருந்த வட்டம், ஐப்பசி அடைமழையில் உள்ளங்கை அளவுக்கு வந்திருந்தது. எண்ணெய் காய்ச்சுகிற ஆளுக்கே சொறி என்று தெரிந்தால் ஊர் சும்மா விடுமா? அந்தப் பயத்தில் மனுஷன் நாலு பேர் முன்னால் சொறியக்கூட முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்.

குரு சீமையகத்தி இலை போட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெயை ஒரு குப்பியில் ஊற்றிக் கொடுத்தார்.

"வட்டத்துக்கு வெளிய நல்ல தோல்ல ஆரம்பிச்சு உள்ள வரணும். நடுவுல மட்டும் தடவினா ஓரம் பரவிக்கிட்டே போகும். ரெண்டு வாரம் பாக்கட்டும். குறையலேன்னா ஆஸ்பத்திரிக்குப் போகட்டும்."

"சரிம்மா."

"கையக் கழுவாம பிள்ளைகளத் தூக்க வேண்டாம்னு சொல்லுங்க."

ஆவுடையப்பன் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். வீட்டில் எட்டு மாதப் பேத்தி இருந்தாள். பிரசவத்துக்கு வந்த மகள் உலகம்மை இன்னும் மாமியார் வீட்டுக்குப் போகவில்லை. தூளியில் தூங்குகிற நேரம் போக, பிள்ளை இவர் மடியில்தான் கிடக்கும்.

ஒரு வாரம் கழித்து, பிள்ளையின் கன்னத்தில் ஒரு சிவந்த வட்டம் தெரிந்தது.

"இது எப்படிப்பா வந்துச்சு?" என்றாள் உலகம்மை. "நான் கத்திரிக்காய் தின்னேன். கருவாடும் தின்னேன். பால் வழியாப் பிள்ளைக்கு எறங்கிருச்சு போல."

அன்றோடு அவள் கத்திரிக்காயை விட்டாள், கருவாட்டை விட்டாள், மறுநாள் மீனையும் விட்டாள். வெறும் ரசச் சோறு சாப்பிட்டாள். தன் நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வருகிறார், அவர் அம்மாவும் வருகிறார், பிள்ளையை இப்படியா வளர்ப்பாய் என்று கேட்பார்களே என்று அழுதாள்.

ஆவுடையப்பன் வேட்டியை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டார். மகள் குளிக்கப் போன நேரத்தில், பிள்ளையின் கன்னத்தில் வேப்பெண்ணெயை எதுவும் கலக்காமல் அப்படியே அப்பிவிட்டார். சுள்ளென்று இருந்தால் சீக்கிரம் போகும் என்று ஒரு கணக்கு. பிள்ளை வீரிட்டது. சாயங்காலத்துக்குள் கன்னம் முழுக்கத் தடித்துவிட்டது.

விடிந்ததும் குருவிடம் வந்து நின்றார்.

"அம்மா, பக்கத்து வீட்டுல ஒரு கைப்பிள்ளை. அதுக்கும் வந்திருக்கு. வேப்பெண்ணெய் வச்சதுல தடிச்சுப் போச்சு. அத விட வீரியமா ஏதாவது…"

குரு அம்மியில் அரைப்பதை நிறுத்தினார்.

"யார் பிள்ளை அண்ணாச்சி?"

"என் பேத்தி."

"அப்போ அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்?"

ஆவுடையப்பன் தரையைப் பார்த்தார். "நான்தாம்மா."

குரு சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. கையைக் கழுவிவிட்டுச் செருப்பை மாட்டினார். "வாங்க, வீட்டுக்குப் போவோம்."

வழியெல்லாம் ஆவுடையப்பன் ஏதேதோ சொல்லிக்கொண்டு வந்தார். குரு விறுவிறுவென்று முன்னால் நடந்தார்.

வீட்டில் குரு பிள்ளையை மடியில் வாங்கி, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் கன்னத்து எண்ணெயைத் துடைத்தார்.

"உலகம்மை, இப்பவே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ."

"நம்ம எண்ணெய் எதுவும் கேக்காதாம்மா?" என்றார் ஆவுடையப்பன்.

"கேக்குதா கேக்கலியான்னு எட்டு மாசப் பிள்ளை மூஞ்சியில பழகிப் பாக்கக் கூடாது அண்ணாச்சி." பிள்ளையை அதன் தாயிடம் கொடுத்தார். "வீட்டுல வேற யாருக்கு இருக்குன்னு டாக்டர் கேப்பாரு. சொல்லணும்."

"வேற யாருக்கும் இல்லையே அக்கா. நான் தின்னதுதான் சேரல," என்றாள் உலகம்மை.

ஆவுடையப்பன் துடைத்த பஞ்சைப் பொறுக்கக் குனிந்தார்.

குரு எழுந்து, துணி காயப் போடுகிற இடத்தைப் பார்க்கக் கொல்லைப்பக்கம் போனார். இவரும் பின்னாலேயே ஓடினார். தாழ்வாரத்தின் ஓரத்தில் கொடி. கொடியில் பிள்ளைக்குத் தூளி கட்டுகிற பழைய நூல்சேலை தொங்கியது. குரு அதன் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினார். அடியில் ஆவுடையப்பனின் கோவணம், ஈரம் காயாமல் சேலையோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது.

உள்துணியை யாராவது கண்ணில் படும்படி காயப் போடுவார்களா? எந்த வீட்டிலும் மேலே இன்னொரு துணியைப் போட்டு மறைப்பதுதான் வழக்கம். இவரும் மறைத்தார். அதிலும் இடுப்பு விஷயம் வெளியே தெரிந்துவிடக் கூடாதென்று, இருப்பதிலேயே பெரிய துணியாகப் பார்த்து மறைத்தார். பகலெல்லாம் பிள்ளை கன்னத்தை வைத்துத் தூங்குகிற சேலை அது.

நாலு வருஷம் படித்த படிப்பெல்லாம் எங்கே போயிற்று என்று அவருக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

உலகம்மை பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல்படியில் வந்து நின்றாள். "கிளம்பலாமாப்பா? டாக்டர் கேட்டா நான் தின்னதையெல்லாம் சொல்லிருதேன்."

"உலகம்மை."

"என்னப்பா?"

"நீ தின்னது எதுவும் இல்ல தாயி. எனக்கு ஆடியிலேருந்து இருக்கு. வெக்கப்பட்டுச் சொல்லாம இருந்துட்டேன். நீ அழுதப்பவும் சொல்லல."

உலகம்மை அவரைப் பார்த்தாள், கொடியைப் பார்த்தாள். பிள்ளையை இறுக்கிக்கொண்டாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லப்பா," என்றாள். "நாலு நாளா ரசச் சோறு."

குடையை எடுக்க உள்ளே போனாள். கூட வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை.

குரு இரண்டு துணியையும் கொடியிலிருந்து உருவி ஆவுடையப்பன் கையில் தனித்தனியாகக் கொடுத்தார்.

"மொதல்ல மகளோட ஆஸ்பத்திரிக்குப் போங்க. உங்க இடுப்பையும் டாக்டர்ட்ட காட்டுங்க. வந்ததும் இத ரெண்டையும் தனித்தனியாக் கொதிக்கக் கொதிக்க வெந்நீர்ல போட்டு எடுத்து, வெயில்ல காயப் போடுங்க."

"கொல்லையில வெயிலே விழாதேம்மா."

"வாசல்ல விழுதுல்லா?"

"வாசல்லயா?" ஆவுடையப்பன் கையிலிருந்த கோவணத்தைச் சுருட்டி மறைக்கப் பார்த்தார். "தெருப் பூரா பாக்குமேம்மா."

"பாக்கட்டும் அண்ணாச்சி," என்றார் குரு. "அவங்க பாத்து முடிக்கதுக்குள்ள காஞ்சிரும்."